சாட்சி சொன்ன பிறகு

இப்படி வந்து உக்காரும்மா. ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கும், அங்க நான் இருந்துக்கிடுதேன். பையை ஏன் மடியில வச்சுக்கிட்டு வார, காலுக்கடியில தள்ளு. நீ எங்க இறங்கணும்? தென்காசியா? நான் ஆலங்குளம். அங்க ஒரு வீட்டுல ஜெபம் பண்ணப் போறேன். அந்த வீட்டுப் பிள்ளைக்கு வலிப்பு நோவு. உன் வயசுதான் இருக்கும். அவ அம்மை காலையிலயிருந்து போன் மேல போன், வந்துட்டியளா வந்துட்டியளான்னு.

ஊழியக்காரியான்னு கேக்கியா? அதெல்லாம் இல்ல. ஊழியக்காரவியன்னா படிச்சுப் பட்டம் வாங்கினவிய, கார்ல வந்து கார்ல போவாவ. நான் சாட்சி சொல்லுதவ. நீங்க வேதக்காரவிய, கிறிஸ்தவங்க இல்ல போல, அதான் முழிக்க. சாட்சின்னா கோர்ட்டுச் சாட்சி இல்லம்மா. ஆண்டவர் நமக்குச் செஞ்ச நன்மைய நாலு பேரு முன்னால எந்திரிச்சு நின்னு சொல்லணும். நோவு சுகமாச்சு, மகனுக்கு வேலை கிடைச்சுது, குடிகாரன் திருந்தினான், இப்படி. எங்க ஊருல பெண்கள் ஐக்கியக் கூட்டத்துல அதுக்குன்னே ஒரு நேரம் உண்டு. மைக்கு ஒவ்வொருத்தர் கைக்கா வரும்.

எங்க ஊரு நாசரேத்துக்குத் தெக்க, நற்செய்திபுரம்னு. ஊரு முழுக்க எங்க ஆளுவதான். கோயிலு பெரிய கோயிலு. நாங்க சர்ச்ச கோயிலுன்னுதான் சொல்லுவோம், பாதிரியாரை ஐயருன்னு சொல்லுவோம். அந்தக் கோயிலுல ஆல்டருக்கு, அதான் ஐயர் முன்னால நிக்கற மேசைக்கு, விரிக்கற வெள்ளைத் துணி இருக்குல்லா, அதை நான் கல்யாணமாகி வந்த நாள்லயிருந்து நான்தான் துவைச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் குடுத்துக்கிட்டு வந்தேன். ஓய்வுநாள் பள்ளியில பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். உபவாச ஜெபம் ஒண்ணை விட்டதில்ல. யாரு வீட்டுல சாவுன்னாலும் முதல் ஆளா நிப்பேன். ஆனா மைக்கு என் கைக்கு வந்தா, சொல்ல ஒண்ணும் கிடையாது. ஸ்தோத்திரம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு அடுத்த ஆளுட்ட குடுத்துருவேன். அது எவ்வளவு அவமானம்னு உனக்குத் தெரியாது.

ரோஸ்லெட் டீச்சர்னு ஒருத்தி. அவளுக்குப் பித்தப்பையில கல்லு இருந்துச்சாம், ஜெபத்துல கரைஞ்சு போச்சாம். அதையே வருஷா வருஷம் சொல்லுவா. முதல் வருஷம் மிளகு அளவு கல்லு. அடுத்த வருஷம் சுண்டைக்கா. கடைசியா நான் கேட்டப்ப நெல்லிக்கா அளவுக்கு வந்துட்டு. கரைஞ்சு போன கல்லு எப்படிட்டி வளருதுன்னு ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் அல்லேலூயாதான்.

அந்த வருஷம் ஐயர் ஒரு பிரசங்கம் பண்ணினாவ. கனி குடுக்காத மரம் நிலத்தைக் கெடுத்துக்கிட்டு நிக்குது, தோட்டக்காரர் எத்தனை வருஷம்தான் பொறுப்பாருன்னு. எனக்கு நெஞ்சுல ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. என்னையத்தான் சொல்லுதாவன்னு நினைச்சேன். கனின்னா அன்பு, சந்தோஷம், பொறுமை, சாந்தம்னு வேதத்துல வரிசையா சொல்லியிருக்கு. பொறுமை என்கிட்ட உண்டு. சாந்தம்னா, நான் யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்ல, ரோஸ்லெட்டைத் தவிர. ஆனா பொறுமையா இருந்தேன், சாந்தமா இருந்தேன்னு மைக்குல போய்ச் சொல்ல முடியுமா? சிரிப்பாவ. மத்தவிய கண்ணால பாக்கற மாதிரி ஒண்ணு வேணும்லா.

எனக்கு ஒரே மக. ஹெப்சிபான்னு பேரு. ஒம்பதாங் கிளாஸ் படிக்கும்போது பள்ளிக்கூடத்துல வச்சு முதல் வலிப்பு வந்துச்சு. கையும் காலும் இழுத்து, வாயில நுரை தள்ளி, நான் போறதுக்குள்ள பிள்ள மண்ணோட மண்ணா கிடந்தா. பாளையங்கோட்டையில டாக்டர்ட்ட காட்டி மாத்திரை தந்தாவ. ஒரு நாளும் விடப்படாதுன்னாவ. பிள்ளையும் விடல. காலேஜ் முடிச்சா, பக்கத்து ஊரு நர்சரி பள்ளிக்கூடத்துல டீச்சரா சேர்ந்தா. சிரிச்சா கண்ணு ரெண்டும் மூடிக்கிடும் அவளுக்கு. பிள்ளைங்க எல்லாம் அவ சேலையப் பிடிச்சுக்கிட்டுத்தான் திரியும்.

மே மாசம் எங்க ஊருல உயிர்மீட்சிக் கூட்டம் வச்சாவ. நான் மூணு நாளு பச்சத்தண்ணி குடிக்கல. கடைசி நாளு, நோவுள்ளவிய எல்லாம் முன்னால வாங்கன்னு பிரசங்கியார் கூப்பிட்டாவ. ஹெப்சி எந்திரிக்கல. நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். இழுத்துக்கிட்டுப் போனேன்னு அவ அப்பா சொல்லுவாவ, அவிய அப்படித்தான் பேசுவாவ. மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவிய. கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் கோயிலுக்கு வருவாவ. பிரசங்கியார் ஹெப்சி தலையில கைய வச்சு ஜெபிச்சாவ. நான் கண்ண மூடி ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவ சும்மாதான் நின்னா.

அதுக்குப் பெறவு வலிப்பே வரல. மழைக்காலம் வரைக்கும் ஒண்ணுமே இல்ல. அதுக்கு முன்னாலயும் ரெண்டு வருஷமா வரலியே, மாத்திரையினாலல்லா வரல, அப்படின்னு ஹெப்சி அப்பா. நான் காதுல வாங்கிக்கிடல.

அறுப்பின் பண்டிகை அன்னைக்கி நான் சாட்சி சொன்னேன். பெண்கள் கூட்டத்துல இல்ல, பெரிய ஆராதனையில. ஆல்டருக்கு முன்னால வாழத்தாரும் பூசணிக்காயும் கரும்புமா அடுக்கி வச்சிருக்காவ, கோயிலு நிறைய ஆளு. நான் மைக்கப் பிடிச்சேன். பள்ளிக்கூட மண்ணுல பிள்ள கிடந்த கிடையிலயிருந்து ஆரம்பிச்சேன். சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தரா கண்ணத் துடைக்காவ. ஐயரும் கண்ணாடிய கழத்தித் துடைச்சாவ. ஆண்டவர் என் மகளுக்குப் பூரண சுகம் தந்துட்டாருன்னு முடிச்சேன். ஆம்பளைகளும் பொம்பளைகளும் சேர்ந்து சொன்ன அல்லேலூயா இன்னும் என் காதுல இருக்கு. ஆண்டவரே, நான் பட்ட மரம் இல்லன்னு அன்னைக்கித்தான் நினைச்சேன். உண்மையச் சொல்லுதேன், அவளைப் பெத்த அன்னைக்கிக்கூட அவ்வளவு சந்தோஷம் இல்ல.

ஆராதனை முடிஞ்சு வெளிய வாரோம். ரோஸ்லெட் வந்து கட்டிப் பிடிச்சா. பிடிச்சுக்கிட்டே கேக்கா, அப்போ மாத்திரை எல்லாம் நிப்பாட்டியாச்சா அக்கான்னு. சுத்தி நின்ன அத்தனை பேரும் என் வாயத்தான் பாக்காவ. நான், ஆமா நிப்பாட்டியாச்சுன்னுட்டேன். வாயிலயிருந்து வந்துட்டு. ஹெப்சி என் பக்கத்துலதான் நின்னா, என்னைய ஒரு பார்வை பார்த்தா. கோயில் வாசல்ல நின்னு சொன்னது பொய்யாவக் கூடாதுல்லா. வீட்டுக்கு வந்து அதை நிஜமாக்கினேன். மாத்திரைய எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். பிள்ளைகிட்ட சொன்னேன், சுகமாச்சுன்னு சாட்சி சொன்ன பெறவு மாத்திரை தின்னா ஆண்டவரைப் பொய்யாக்குதன்னு அர்த்தம், இனி இது உனக்கு வேண்டாம்னு.

அந்தச் சாட்சிக்குப் பெறவு எனக்குக் கிடைச்ச மரியாதைய நீ பாக்கணுமே. திசையன்விளையில இருந்து சம்பந்தம் பேச வந்தாவ. வலிப்புக்காரிக்கு யாரு வருவா? சாட்சியக் கேட்டுட்டுத்தான் வந்தாவ. மாப்பிள்ள பேங்குல வேலை. பெண்கள் ஐக்கியத்துக்கு என்னையத் தலைவி ஆக்கினாவ. பக்கத்து ஊருக் கூட்டத்துக்கெல்லாம் கூப்பிட்டாவ.

இடையில ஒரு நாளு அடுக்களையில விழுந்தா. அது வலிப்பு இல்ல, மயக்கம். அன்னைக்கிச் சரியான வெயிலு, காலையிலயும் சாப்பிடாம போனவ. கையி காலு இழுத்துச்சுதான், மயக்கத்துலயும் இழுக்கும். வாசல் கதவ அடைச்சுட்டேன், யாரும் வந்து பாத்து வேற மாதிரி பேசிரப்படாதேன்னு. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுட்டா. உதடு கடிபட்டு ரத்தம். சுவத்துல முட்டிட்டான்னு அவ அப்பாட்ட சொன்னேன். அவிய நம்பலன்னு இப்பல்லா தெரியுது.

அதுக்குப் பெறவு ஒரு நாளு அவ டிபன் பாக்ஸக் கழுவ எடுக்கேன், மூடிக்குள்ள மாத்திரை அட்டை. புது அட்டை. அப்பன் வாங்கிக் குடுத்திருக்காவ, மக பள்ளிக்கூடத்துல வச்சு முழுங்கியிருக்கா. என்னைய ரெண்டு பேருமா சேர்ந்து முட்டாளாக்கியிருக்காவ. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. ஊரு ஊராப் போய் நான் சாட்சி சொல்லிக்கிட்டு இருக்கேன், இங்க என் வீட்டுக்குள்ளயே இப்படி. கேட்டேன். ஏட்டி, ஆண்டவரு முகத்துல ஏன் கரியப் பூசுதன்னு கேட்டேன்.

அவ சத்தம் போடல. ஹெப்சி சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. “அம்மா, சாட்சி உங்களுக்கு. வலிப்பு எனக்குல்லா வருது” அப்படின்னா.

சின்னப்பிள்ள. தெரியாம பேசிட்டா. நான் அந்த அட்டைய அடுப்புல போட்டேன், அவ பாத்துக்கிட்டு நிக்கும்போதே போட்டேன். ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டேதான் போட்டேன். பைபிள்ல அவ கைய வச்சு சத்தியமும் வாங்கினேன், இனி தின்னமாட்டேன்னு. அப்பன் வாங்கிக் குடுத்தாலும் தின்னமாட்டேன்னு அதுக்கும் சேர்த்துச் சத்தியம். குடுத்த சத்தியத்தக் காப்பாத்துனா பாத்துக்க. அந்த விஷயத்துல நல்ல பிள்ள. நான் வளர்த்த பிள்ளல்லா.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை நற்கருணை ஆராதனை. அப்பத்தையும் ரசத்தையும் ஐயர் குடுக்கற நாளு, அன்னைக்கி ஆல்டர் துணி சுத்தமா இருக்கணும். சனிக்கிழமை மத்தியானம், எனக்குக் கூட்டத்துக்குப் போகணும்னு, துணிய ஹெப்சிட்ட குடுத்து அனுப்பினேன். எங்க தோட்டத்துல பம்பு செட்டு உண்டு, அங்க ஒரு தொட்டி. முழங்கால் ஆழம்தான். குழந்தைகூட முங்காது. நான் கூட்டத்துல சாட்சி சொல்லிட்டு உக்காருதேன், ஒரு ஆளு ஓடி வந்து கூப்பிடுதான்.

குப்புறக் கிடந்தா. வெள்ளைத் துணி அவ மேல பாதி, தண்ணியில பாதி. அவ அப்பாதான் தூக்கினாவ. ஒத்த ஆளா, வீடு வரைக்கும் தூக்கிட்டு வந்தாவ. யாரையும் தொட விடல.

நான் அழல. நிறைய பேரு அதை ஒரு குத்தமாச் சொல்லுதாவ. ஆண்டவர் தந்தார், ஆண்டவர் எடுத்தார், அழுதா அவரு மேல குறை சொல்லுத மாதிரி. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அந்தத் துணிய எடுத்து அலசிக் காயப்போட்டேன். அழுக்கெல்லாம் இல்ல, நல்ல தண்ணிதானே. மறுநாளு நற்கருணைக்கு அதையே விரிக்கணும்னு ஐயர்ட்ட குடுத்து விட்டேன். ஐயர் வாங்க மாட்டேன்னுட்டாவ. பழைய துணிய விரிச்சு ஆராதனைய முடிச்சுட்டு வந்து பிள்ளைய அடக்கம் பண்ணினாவ. எத்தனை வருஷமா நான் துவைச்ச துணி. அந்த ஒரு வருத்தம் எனக்கு இன்னமும் ஆறல.

ஊருல என்ன பேசுனாவங்கற? நான் கொன்னுட்டேன்னு பேசுனாவ. என் முகத்துக்கு நேரா இல்ல. நடந்தது என்னன்னு நான் சொல்லுதேன் கேளு. அப்பனும் மகளும் மறைச்சு மறைச்சு மாத்திரை தின்ன அந்த நாளு இருக்கே, அது அவிசுவாசம். ஆண்டவரு குடுத்த சுகத்த வேண்டாம்னு தள்ளின மாதிரி. தள்ளினா அவரு கைய எடுத்துருவாரு. நான் அடுப்புல போடறதுக்கு முன்னாலயே காரியம் கெட்டுப்போச்சு. இதை நான் ஹெப்சி அப்பாட்ட சொன்னேன். அடக்கம் முடிஞ்ச மறுநாளு அவிய கடப்பாரைய எடுத்துட்டுப் போய் அந்தத் தொட்டிய உடைச்சாவ. இருட்டுற வரைக்கும் உடைச்சுக்கிட்டே இருந்தாவ. இப்ப பம்பு செட்டு ரூமுலதான் படுக்காவ. சோறு குடுத்து விட்டா பாத்திரம் கழுவித் திரும்ப வரும். என்கிட்ட ஒரே ஒரு வார்த்ததான் கேட்டாவ, மாத்திரைய அவகிட்டயிருந்து என்னைக்கி எடுத்தன்னு. நான் நாளு பாத்து வைக்கலன்னேன். அதுக்குப் பெறவு பேச்சு இல்ல.

கோயில்லயும் ஒதுக்கிட்டாவ. அடுத்த மாசம் கூட்டத்துல, மகளை எடுத்தும் என்னைய விசுவாசத்துல நிறுத்தியிருக்காருன்னு சாட்சி சொல்ல எந்திரிச்சேன். ஐயரம்மா, ஐயரு சம்சாரம், வந்து கையிலயிருந்து மைக்க வாங்கிட்டாவ. உக்காருங்கக்கான்னு மெதுவாத்தான் சொன்னாவ. ரோஸ்லெட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. தலைவி பதவியும் இப்ப அவளுக்குத்தான். இதுவா அன்பு? இதுவா கனி? எல்லாம் இலையா நிக்காவ, வெறும் இலை.

அதனால நான் வெளியூருக்குப் போக ஆரம்பிச்சேன். நம்மள யாருக்கும் தெரியாத ஊரு. எங்க கூட்டம்னு போஸ்டர் ஒட்டியிருக்கோ அங்க போய், ஒரு சாட்சி உண்டுன்னு சொன்னா நேரம் குடுப்பாவ. அங்கல்லாம் நான் அறுப்பின் பண்டிகையோட நிறுத்திக்கிடுவேன். பூரண சுகம்னு முடிச்சுட்டு இறங்கிருவேன். மிச்சத்தைச் சொல்லி என்ன பிரயோஜனம்? கேக்கறவிய விசுவாசம்லா உடைஞ்சு போவும். நான் சொன்னதுல ஒரு சொல்லு பொய் கிடையாது. அங்க சொல்லும்போது, இந்தா இப்ப உனக்குச் சொன்ன மாதிரிதான், அவ கண்ணு மூடிக்கிட்டுச் சிரிக்கறது வரைக்கும் சொல்லுவேன். அந்த நேரம் எனக்கு ஒரு பாரமும் இருக்காது.

அப்படித்தான் போன மாசம் ஆலங்குளம் பக்கத்துல ஒரு கூட்டம். முடிச்சுட்டு இறங்குதேன், ஒரு அம்மையும் மகளும் வந்து கையப் பிடிச்சுக்கிட்டாவ. மெர்லின்னு பேரு அந்தப் பிள்ளைக்கு. அதே நோவு, அதே மாத்திரை. அவ கேட்டா, அந்த அக்கா இப்ப எப்படி இருக்காங்கன்னு. நல்லா இருக்கான்னேன். ஆண்டவருட்டதானே இருக்கா, நல்லாத்தானே இருப்பா. அவ முகம் அப்படியே மலர்ந்துட்டு. அன்னைக்கே மாத்திரைய விட்டுட்டா.

இப்ப என்னன்னா, அந்தப் பிள்ளைக்கு வலிப்பு திரும்பிட்டாம். நாலஞ்சு நாளா விடாம வருதாம். பிள்ள பயந்துபோய் மாத்திரை வேணும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அழுதாளாம். இதுதான் சோதனை, இந்த நேரம் தளர்ந்துட்டா எல்லாம் போச்சுன்னு நான் போன்ல சொன்னேன். அவ அம்மை கேக்கா, உங்க மகளையும் கூட்டிட்டு வாங்க, நேர்ல பாத்தா எம்பிள்ளைக்குத் தைரியம் வரும், பாக்கலன்னா சாயந்தரம் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகப் போறோம்னு. நான் சரி கூட்டிட்டு வாரேன்னுட்டேன்.

வாயிலயிருந்து வந்துட்டும்மா.

நீ பஸ்ஸுல ஏறும்போதே நான் பாத்தேன். அவ உயரம்தான், அதே மாதிரி பின்னலு. அதான் இப்படி வந்து உக்காருன்னு கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் போதும், அடுத்த பஸ்ஸுல நானே ஏத்தி விடுதேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம், ஜெபம் பண்ண வேண்டாம், சும்மா என் பக்கத்துல உக்காந்திரு. நெத்திப் பொட்ட மட்டும் எடுத்துரு, நாங்க வைக்க மாட்டோம். அந்தப் பிள்ள கேட்டா, நான் நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லு. ஒரே ஒரு வார்த்த. நானும் பக்கத்துல இருந்து அதைக் கேட்டுக்கிடுவேன்.

ஆலங்குளம் வந்துட்டு. இறங்குவமாம்மா?